தாடையைத் தின்ற தீக்குச்சியும் ஆகாய விமானப் புகையும்



மகனோடு வெளிநாட்டில் தங்கியிருக்கும் பழைய அலுவலக நண்பர் ஒருவர் கேட்டிருந்தார்: "டிக்கெட் போடும்போது கார்பனுக்கு ஈடாக இவ்வளவு தருகிறீர்களா என்று கேட்கிறான். அந்தக் காசு எங்கே போகிறது? உலகத்து விமானக் கம்பெனிகள் எல்லாம் கூடிப் புகையைக் குறைக்கப் போகிறோம் என்கிறார்களே, நடக்கிற காரியமா சார்?"

விருதுநகர்க்காரனுக்கு ஆகாய விமானத்தைவிடத் தீப்பெட்டிதான் பக்கம். அதனால் பதிலைத் தீப்பெட்டியில் இருந்து ஆரம்பிக்கிறேன். போட்டிக் கம்பெனிகள் ஒன்றுகூடி ஒரு கெடுதலை ஒழிக்க முடியுமா என்ற கேள்விக்கு, சரித்திரத்தில் தீக்குச்சியைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரிந்து வேறில்லை.

சிவகாசிக்கு முந்திய கதை

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். தீக்குச்சிக்கு பிரெஞ்சில் 'அலுமெத்' என்று பெயர். அந்தக் குச்சியோடு ஒரு நோயின் பெயரும் அந்த மொழியில் உண்டு. 'மால் ஷிமிக்', அதாவது ரசாயன நோய். இங்கிலீஷ்காரன் 'பாஸி ஜா' என்றான்.

1830-ஐ ஒட்டி, பிரான்சில் சார்ல் சோரியா என்ற மாணவர் வெள்ளைப் பாஸ்பரஸை வைத்துத் தீக்குச்சி செய்தார். எங்கே உரசினாலும் பற்றும். சுவரில் உரசலாம், செருப்பில் உரசலாம். மலிவும்கூட. உலகமே வாங்கியது. ஆனால் அந்தப் பாஸ்பரஸ் ஆவியை நாள் முழுவதும் சுவாசித்த தொழிலாளர்களுக்கு, சொத்தைப் பல் வழியாக விஷம் இறங்கித் தாடை எலும்பு செத்துப்போகும். சீழ் வடியும், பக்கத்தில் நிற்க முடியாத நாற்றம் வரும். தாடையை வெட்டி எடுப்பதுதான் வைத்தியம். 1888-இல் லண்டனில் பிரையண்ட் அண்ட் மே தீப்பெட்டி ஆலைப் பெண்கள் நடத்திய வேலைநிறுத்தம் தொழிற்சங்க வரலாற்றில் பேர் பெற்றது. அந்தப் பெண்களின் குறைகளில் இந்த நோயும் ஒன்று.

மாற்று இல்லாமல் இல்லை. சிவப்புப் பாஸ்பரஸ் 1840-களிலேயே கண்டுபிடிக்கப்பட்டது. ஸ்வீடனில் அதைப் பெட்டியின் பக்கவாட்டில் பூசிப் 'பாதுகாப்புத் தீக்குச்சி' செய்தார்கள். நாம் இன்று பிடிக்கும் பெட்டி அந்த வம்சம்தான். எங்கும் உரசிப் பற்றவைக்கும் குச்சியே வேண்டும் என்பவர்களுக்கும் 1898-இல் வழி பிறந்தது. பிரான்சில் தீக்குச்சி அப்போது அரசாங்கத்தின் ஏகபோகம். அந்த ஆலைகளின் பொறியாளர்கள் செவேன், காயென் என்ற இருவர், பாஸ்பரஸ் செஸ்குவிசல்பைடு என்ற விஷமில்லாத கலவையைக் கொண்டுவந்தார்கள். ஒரே முதலாளி அரசாங்கம் என்பதால் பிரான்சு உடனே மாறிவிட்டது.

மற்ற நாடுகளில் அவ்வளவு லேசாக நடக்கவில்லை. புதுக் குச்சிக்குச் செலவு கொஞ்சம் கூடுதல். ஒருவன் மட்டும் மாறினால் அவன் குச்சி விலை ஏறும், பக்கத்து ஆலைக்காரன் சந்தையைப் பிடித்துக்கொள்வான். ஒரு நாடு மட்டும் தடை போட்டால் அடுத்த நாட்டு மலிவுக் குச்சி கப்பலில் வந்து இறங்கும். ஆகவே எல்லோருக்கும் கெடுதல் தெரிந்திருந்தும் ஒருவரும் முதலில் அசையவில்லை.

1906-ஆம் ஆண்டு செப்டம்பரில் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் பிரான்சு, ஜெர்மனி, இத்தாலி, டென்மார்க், நெதர்லாந்து, லக்சம்பர்க், சுவிட்சர்லாந்து ஆகிய ஏழு நாடுகள் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. வெள்ளைப் பாஸ்பரஸ் குச்சியைச் செய்யவும் கூடாது, விற்கவும் கூடாது, இறக்குமதி செய்யவும் கூடாது. பிரிட்டன் அன்று கையெழுத்திடவில்லை. 1908-இல் சட்டம் போட்டுப் பின்னால் வந்து சேர்ந்தது.

அமெரிக்காவில் நடந்ததுதான் நமக்கு முக்கியம். செஸ்குவிசல்பைடு கலவைக்கான அமெரிக்க உரிமையை டயமண்ட் மேட்ச் என்ற பெரிய கம்பெனி வாங்கி வைத்திருந்தது. தடைச் சட்டம் வந்தால் சின்ன ஆலைகள் எல்லாம் டயமண்ட் காலில் விழ வேண்டும். அதனால் சட்டம் நகரவில்லை. ஜனாதிபதி டாஃப்ட் கேட்டுக்கொண்டதன் பேரில், 1911 ஜனவரியில் டயமண்ட் அந்தக் காப்புரிமையைப் பொதுவுக்கு விட்டுக்கொடுத்தது. அடுத்த ஆண்டே சட்டம் நிறைவேறியது. நேரடித் தடைகூட இல்லை. வெள்ளைப் பாஸ்பரஸ் குச்சி நூற்றுக்கு இரண்டு சென்ட் வரி என்று போட்டார்கள். அந்த வரியைக் கட்டி விற்றால் கட்டுபடியாகாது. கதை முடிந்தது.

இங்கே, பிரிட்டிஷ் இந்தியாவில் 1913-இல் வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சித் தடைச் சட்டம் வந்தது. அதற்குப் பத்து வருஷம் கழித்துத்தான், கல்கத்தா போய்த் தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியில் தீப்பெட்டி ஆலை தொடங்கினார்கள். 1922-இல் வெளிநாட்டுத் தீப்பெட்டிக்குச் சுங்கவரி உயர்ந்ததும் அவர்களுக்குக் கைகொடுத்தது.

இந்த இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நம் மாவட்டத்து ஆலைகளில் விபத்து உண்டு, குழந்தை உழைப்பின் கறை உண்டு, இருமல் உண்டு. ஆனால் தாடையைத் தின்னும் குச்சிக்கு, நம்மூரில் முதல் ஆலை எழும்பும் முன்பே வாசல் அடைக்கப்பட்டுவிட்டது. அடைத்தவர்களில் யாருக்கும் சிவகாசி என்று ஓர் ஊர் இருப்பது தெரிந்திருக்காது.

இந்தக் கதையில் மூன்று சங்கதிகள் கூடி வந்தன. முதலாவது, கையில் ஒரு மாற்று இருந்தது. இரண்டாவது, மாற்றை வைத்திருந்தவன் அதைப் பங்கிட்டான். மூன்றாவது, விதி எல்லோர் தலையிலும் ஒரே நேரத்தில் விழுந்தது. இந்த மூன்று அளவுகோலையும் கையில் வைத்துக்கொண்டு விமானத்துக்கு வருவோம்.

ஒரு கிலோ எண்ணெய், மூன்று கிலோ வாயு

விமான எரிபொருள் மண்ணெண்ணெய் இனம். ஒரு கிலோ எரித்தால் 3.16 கிலோ கரியமிலவாயு வெளிவருகிறது. ஒரு கிலோவில் இருந்து எப்படி மூன்று கிலோ வரும் என்று சிலர் கேட்பார்கள். பட்டாசுக்காரருக்கு இது சுலபமாகப் புரியும். நம்மூர் வெடி, எரியத் தேவையான ஆக்சிஜனை வெடியுப்பு வடிவத்தில் தானே சுமந்துகொண்டு போகிறது. அதனால் மூடிய காகிதக் குழலுக்குள்ளும் எரிகிறது. விமான எஞ்சின் அப்படிச் சுமப்பதில்லை, போகிற வழியில் காற்றை உறிஞ்சி ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. எண்ணெயில் உள்ள ஒவ்வொரு கரி அணுவும் காற்றில் இருந்து இரண்டு ஆக்சிஜன் அணுவைக் கட்டிக்கொண்டு வெளியேறுகிறது. எடை அங்கேதான் கூடுகிறது.

2019-இல் உலக விமானங்கள் இப்படி விட்ட கரியமிலவாயு 90 கோடி டன்னுக்கு மேல். எரிபொருட்களால் உலகம் வெளியேற்றும் மொத்தத்தில் இது ஏறத்தாழ 2.5 சதவீதம். சின்னப் பங்குதானே என்று தோன்றும். உலக மக்களில் பெரும்பாலோர் ஒரு வருஷத்தில் ஒரு தடவைகூட விமானம் ஏறாதவர்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் அது சின்னதாகத் தெரியாது. தவிர, மின்சாரத்துக்குக் காற்றாலை உண்டு, காருக்கு பேட்டரி உண்டு. முந்நூறு பேரைத் தூக்கிக்கொண்டு கடல் தாண்டும் பேட்டரி இன்னும் இல்லை.

கோப்பு போன பாதை

1944 டிசம்பரில் சிகாகோவில் கூடிய நாடுகள் சர்வதேச விமானப் போக்குவரத்துக்கு ஓர் ஒப்பந்தம் போட்டன. அதில் இருந்து பிறந்ததுதான் மாண்ட்ரியாலில் இருக்கும் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு. இங்கிலீஷில் ஐக்காவோ, பிரெஞ்சில் ஓஆசி. அந்த ஒப்பந்தத்தின் 24-ஆம் பிரிவு, ஒரு நாட்டில் வந்து இறங்கும் அயல்நாட்டு விமானத்தின் தொட்டியில் மிச்சமிருக்கும் எரிபொருளுக்குச் சுங்கம் கேட்கக் கூடாது என்றது. பிறகு நாட்டுக்கு நாடு போட்டுக்கொண்ட உடன்படிக்கைகளும் சேர, வெளிநாட்டுக்குப் பறக்கும் விமான எரிபொருளுக்கு உலகெங்கும் பெரும்பாலும் வரியே இல்லை என்றாகிவிட்டது. நம்மூர் விவசாயி டிராக்டருக்கு ஊற்றும் டீசலுக்கு வரி உண்டு.

1997-இல் கியோட்டோ உடன்படிக்கை வந்தபோது ஒரு சிக்கல் எழுந்தது. மும்பையில் கிளம்பி லண்டனில் இறங்கும் விமானத்தின் புகையை யார் கணக்கில் எழுதுவது? கிளம்பிய நாடா, இறங்கிய நாடா, கம்பெனியின் நாடா, பயணிகளின் நாடா? முடிவு வரவில்லை. சர்வதேச விமானப் புகையை எந்த நாட்டின் கணக்கிலும் சேர்க்காமல், வளர்ந்த நாடுகள் ஐக்காவோ மூலம் பார்த்துக்கொள்ளட்டும் என்று 2-ஆம் பிரிவில் எழுதிவிட்டார்கள். நாற்பது வருஷம் எழுத்தர் உத்தியோகம் பார்த்தவனுக்கு இது பழகிய காட்சி. 'இந்தப் பொருள் இப்பிரிவுக்கு உரியதல்ல' என்று குறிப்பு எழுதிக் கோப்பை அடுத்த மேஜைக்குத் தள்ளினால், நம் நிலுவைப் பட்டியலில் இருந்து அது போய்விடும். கோப்பு மட்டும் எங்கோ கிடக்கும்.

அந்தக் கோப்பு மாண்ட்ரியாலில் ஏறத்தாழ இருபது வருஷம் கிடந்தது. இடையில் பொறுமை இழந்தது ஐரோப்பிய யூனியன். 2012 ஜனவரி முதல், ஐரோப்பாவுக்கு வந்துபோகும் எந்த நாட்டு விமானமும், பயணத்தின் முழு தூரத்துக்கும் கார்பன் அனுமதிச் சீட்டு வைத்திருக்க வேண்டும் என்றது. சென்னையில் கிளம்பிக் கடலும் பாலைவனமும் தாண்டிப் போகும் தூரத்துக்கும் ஐரோப்பாவுக்குத்தான் கணக்கு. 2011 செப்டம்பரில் டெல்லியில் பல நாடுகள் கூடி எதிர்த்து அறிக்கை விட்டன. சீனாவும் இந்தியாவும் தங்கள் கம்பெனிகளை இதில் கலந்துகொள்ள வேண்டாம் என்றன. 2012 நவம்பரில் ஐரோப்பா கண்டம் தாண்டும் பயணங்களுக்கு இதை நிறுத்திவைத்தது.

இந்தியாவின் கோபத்தில் நியாயம் இருந்தது. ஐம்பது அறுபது வருஷமாக ஆகாயத்தில் புகை விட்டவர்கள் அவர்கள். நம் ஊரில் சாமானியன் விமானம் ஏறத் தொடங்கியதே நேற்று. மதுரையில் இருந்து துபாய் போகிற பையன் சுற்றுலா போகவில்லை. வட்டிக்கு வாங்கிய காசில் டிக்கெட் எடுத்துக் கொத்தனார் வேலைக்குப் போகிறான். அவனுக்கும் பாரீஸ்காரருக்கும் ஒரே தராசா என்ற கேள்விக்கு ஐரோப்பாவிடம் நல்ல பதில் இல்லை. அதே சமயம், ஐரோப்பா அந்தக் கல்லை எறியாமல் இருந்திருந்தால் மாண்ட்ரியாலில் கோப்பு அசைந்திருக்குமா என்பதும் நியாயமான கேள்விதான்.

லாபம் தரும் ஒத்துழைப்பு

இதற்கிடையில் விமானத் துறை சும்மா இருக்கவில்லை. ஒத்துழைப்பு என்ற பெயரில் நல்ல காரியங்கள் நடந்தன, நம் பக்கத்துக் கடல் மேலேயே நடந்தன.

முன்பெல்லாம் 29,000 அடிக்கு மேல் பறக்கும் விமானங்களுக்கு இடையே மேலும் கீழும் 2,000 அடி இடைவெளி வேண்டும். கருவிகள் துல்லியமானதும் அதை 1,000 அடியாகக் குறைத்தார்கள். நம் வான்பரப்பில் 2003 நவம்பரில் இது நடைமுறைக்கு வந்தது. அதே வானத்தில் அடுக்குகள் கூடின. எஞ்சின் சிக்கனமாக ஓடும் உயரம் அதிக விமானங்களுக்குக் கிடைத்தது. இதை ஒரு நாடு தனியாகச் செய்ய முடியாது. வங்கக் கடலில் சென்னைக் கட்டுப்பாட்டு அறை ஒரு விமானத்தை ஒப்படைக்கும்போது, வாங்கிக்கொள்ளும் அடுத்த நாட்டு அறையும் அதே அடுக்குக் கணக்கில் இருக்க வேண்டும்.

2008-இல் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளின் வான்வழிக் கட்டுப்பாட்டு அமைப்புகள் சேர்ந்து பசிபிக் கடலுக்கு 'ஆஸ்பையர்' என்ற கூட்டணியை அமைத்தன. அந்த ஆண்டு செப்டம்பரில் ஏர் நியூசிலாந்து விமானம் ஒன்று ஆக்லாந்தில் இருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குப் பரிசோதனையாகப் பறந்தது. எஞ்சினில் எந்தப் புதுமையும் இல்லை. தாமதமில்லாத புறப்பாடு, காற்றோட்டத்துக்குத் தகுந்தபடி வழியிலேயே பாதையை மாற்றிக்கொள்ளும் அனுமதி, கடைசியில் படிப்படியாக இல்லாமல் ஒரே சரிவாக இறங்குவது. இவ்வளவுதான். எரிபொருள் மிச்சமானது. 2011-இல் இதே மாதிரியில் இந்தியப் பெருங்கடலுக்கு 'இன்ஸ்பையர்' தொடங்கியது. ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா ஆகியவற்றின் அமைப்புகளோடு நம் இந்திய விமான நிலைய ஆணையமும் அதன் நிறுவன உறுப்பினர்.

வீட்டுக்குள்ளேயும் ஓர் ஒத்துழைப்பு தேவைப்பட்டது. இந்திய வானத்தில் சுமார் 60 சதவீதம்தான் பயணிகள் விமானங்களுக்குத் தாராளமாகக் கிடைக்கிறது, மீதியில் ராணுவக் கட்டுப்பாடு என்று 2020 மே மாதம் நிதியமைச்சர் அறிவித்தார். அந்தக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தினால் சுற்றிப் போவது குறைந்து ஆண்டுக்குச் சுமார் 1,000 கோடி ரூபாய் மிச்சம் என்றும் சொன்னார்.

எல்லாம் பாராட்ட வேண்டியவைதான். ஆனால் நம் அளவுகோலை வைத்துப் பார்த்தால் ஒன்று கண்ணில் படும். இவை எல்லாமே காசை மிச்சப்படுத்தும் ஒத்துழைப்புகள். எரிபொருள் குறைந்தால் கம்பெனிக்கு லாபம். லாபம் வருகிற இடத்தில் கூடுவதற்கு யாருக்கும் உபதேசம் தேவையில்லை. மேலும், ஒரு பயணத்தில் மிச்சமாவது சில சதவீதம். பயணங்களோ வருஷத்துக்கு வருஷம் பெருகுகின்றன. தீக்குச்சிக் கதையில் இதற்கு ஒப்பு சொன்னால், வெள்ளைப் பாஸ்பரஸ் ஆலையில் ஜன்னலைப் பெரிதாக்கிக் காற்றோட்டம் வைத்த மாதிரி. நோய் குறையும், ஒழியாது.

வலிக்கும் ஒத்துழைப்பு

2009 ஜூனில் விமானக் கம்பெனிகளின் சங்கமான ஐயாட்டா கோலாலம்பூரில் கூடி மூன்று இலக்கு வைத்தது: 2020 வரை ஆண்டுக்கு 1.5 சதவீதம் எரிபொருள் சிக்கனம், 2020-க்குப் பின் நிகரப் புகை கூடாமல் நிறுத்துவது, 2050-க்குள் 2005-இன் அளவில் பாதியாகக் குறைப்பது. ஒரு தொழில் முழுவதும் சேர்ந்து உலகளவில் இப்படி ஒரு கெடு வைத்துக்கொண்டது பெரிய விஷயம். 2021 அக்டோபரில் பாஸ்டனில் கூடி, 2050-க்குள் நிகரம் பூஜ்யம் என்று அதை இன்னும் இறுக்கிக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு ஐக்காவோவில் அரசாங்கங்களும் அதையே நீண்டகால லட்சியமாக ஏற்றன.

இலக்கு வைப்பது சங்கத்தின் வேலை. கட்டாயப்படுத்த அரசாங்கம் வேண்டும். 2016 அக்டோபரில் மாண்ட்ரியாலில் அந்தக் கோப்பு கடைசியாகக் கையெழுத்தானது. 'கோர்சியா' என்று பெயர். முழுப் பெயரை பிரெஞ்சில் வாசித்துப் பார்த்தேன். இங்கிலீஷைப் போலவே அதிலும் 'ஈடுகட்டல்' என்ற சொல் முன்னால் நிற்கிறது, 'குறைத்தல்' என்ற சொல் பின்னால் வருகிறது. தலைப்பில் எது முதலில் வருகிறதோ அதுதான் கோப்பின் பொருள் என்பது எங்கள் அலுவலகப் பாடம்.

ஏற்பாடு இதுதான். ஓர் அடிப்படை அளவைத் தாண்டும் புகைக்கு, கம்பெனி வேறு எங்கேயாவது புகை குறைந்ததற்கான சான்றை விலைக்கு வாங்க வேண்டும். அடிப்படை முதலில் 2019, 2020 ஆண்டுகளின் சராசரி என்று இருந்தது. கொரோனாவில் விமானங்கள் நின்றுபோனதால் அதை மாற்றினார்கள். 2024 முதல் 2019 அளவில் 85 சதவீதம்தான் அடிப்படை. 2021 முதல் 2026 வரை விருப்பமுள்ள நாடுகள் மட்டும். 2027 முதல் பெரிய விமானப் போக்குவரத்து உள்ள நாடுகளுக்குக் கட்டாயம். விருப்பக் காலத்தில் இந்தியா சேரவில்லை, 2027-இல் சேருகிறது. புகைக் கணக்கு எழுதிக் கொடுப்பதை மட்டும் நம் கம்பெனிகள் 2019-இலேயே ஆரம்பித்துவிட்டன.

இதில் எனக்குப் பிடித்த அம்சம் ஒன்று உண்டு. விதி கம்பெனியின் கொடியைப் பார்ப்பதில்லை, பாதையைப் பார்க்கிறது. இரு முனையிலும் உள்ள நாடுகள் சேர்ந்திருந்தால் அந்தப் பாதையில் பறக்கும் எல்லாக் கம்பெனிக்கும் ஒரே விதி. ஒரு முனை சேரவில்லை என்றால் அந்தப் பாதையில் யாருக்குமே இல்லை. போட்டியாளனுக்கு மலிவு, எனக்குச் செலவு என்ற பேச்சுக்கே இடமில்லை. பெர்ன் ஒப்பந்தத்தின் அதே புத்திதான் இது.

பிடிக்காத அம்சம், நண்பர் கேட்ட காசு போகிற இடம். டிக்கெட்டில் நாம் விரும்பிக் கொடுக்கும் காசும், கோர்சியாவில் கம்பெனி கொடுக்கப்போகும் காசும் ஏறக்குறைய ஒரே மாதிரி இடங்களுக்குத்தான் போகின்றன: மரம் வளர்ப்பு, காடு காத்தல், புகையில்லா அடுப்பு, சூரிய மின்சாரம். கியோட்டோ காலத்தில் தமிழ்நாட்டின் காற்றாலைகள் பலவும் இப்படிப்பட்ட சான்றுகளை விற்றவைதான். அந்தக் காசு வராவிட்டாலும் அந்தக் காற்றாலை சுற்றியிருக்குமா என்பதுதான் கேள்வி. சுற்றியிருக்கும் என்றால் சான்று வெறும் காகிதம். விமானம் விட்ட புகை மட்டும் நிஜம். தாடை அழுகும் ஆலையை அப்படியே ஓட்டிக்கொண்டு, இன்னொரு ஊரில் ஓர் ஆஸ்பத்திரிக்கு நன்கொடை கொடுப்பதை பெர்னில் கூடியவர்கள் தீர்வு என்று ஏற்றிருக்க மாட்டார்கள்.

மாற்று எங்கே?

ஆக, விதியில் பாதி வந்துவிட்டது. தீக்குச்சிக்கு செஸ்குவிசல்பைடு கிடைத்ததுபோல விமானத்துக்கு என்ன இருக்கிறது?

2008 பிப்ரவரியில் வர்ஜின் அட்லாண்டிக் விமானம் ஒன்று லண்டனில் இருந்து ஆம்ஸ்டர்டாமுக்கு, ஒரு எஞ்சினில் மட்டும் தேங்காய் எண்ணெயும் பாபாசு என்ற பனையினத்தின் எண்ணெயும் கலந்த எரிபொருளோடு பறந்தது. பயணிகள் இல்லை. பத்து வருஷம் கழித்து, 2018 ஆகஸ்ட் 27 அன்று, ஸ்பைஸ்ஜெட்டின் சிறிய விமானம் டேராடூனில் இருந்து டெல்லிக்குப் பறந்தது. அதில் கால் பங்கு, நம் வேலியோரத்துக் காட்டாமணக்கின் எண்ணெயில் இருந்து டேராடூன் பெட்ரோலிய ஆய்வு நிறுவனம் செய்த எரிபொருள். 2023 மே மாதம் புனேயில் இருந்து டெல்லிக்கு ஏர் ஏசியா இந்தியா விமானம் உள்நாட்டில் தயாரித்த பசுமை எரிபொருள் கலந்து பயணிகளோடு பறந்தது.

செடி வளரும்போது காற்றில் இருந்து எடுத்த கரியைத்தான் எரியும்போது திருப்பிவிடுகிறது என்பதே இதன் தத்துவம். தத்துவம் சரி, அளவுதான் இல்லை. 2024-இல் உலகம் முழுவதும் தயாரான இத்தகைய எரிபொருள் சுமார் பத்து லட்சம் டன். மொத்த விமான எரிபொருளில் 0.3 சதவீதம். விலை சாதாரண எரிபொருளைப்போலப் பல மடங்கு. காட்டாமணக்கைப் பற்றி நம் கரிசல் விவசாயிகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் தரிசு நிலத்தில் எல்லாம் எண்ணெய் கொழிக்கும் என்று கன்று கொடுத்தார்கள். தண்ணீர் இல்லாத நிலத்தில் அது உயிரோடு இருந்தது, காய்க்கவில்லை.

செஸ்குவிசல்பைடு வந்தபோது அதன் விலை கொஞ்சம்தான் கூடுதல், தேவையான அளவு செய்யவும் முடிந்தது. அந்தச் சௌகரியம் விமானத்துக்கு இல்லை. அதனால்தான் கட்டாயம் தேவைப்படுகிறது. ஐரோப்பா 2025-இல் 2 சதவீதக் கலப்பு, 2050-இல் 70 சதவீதம் என்று சட்டம் போட்டிருக்கிறது. இந்தியா சர்வதேசப் பயணங்களுக்கு 2027-இல் 1, 2028-இல் 2, 2030-இல் 5 சதவீதம் என்று இலக்கு அறிவித்திருக்கிறது. வாங்க ஆள் உறுதி என்று தெரிந்தால்தான் ஆலை போடுவான். ஆலைகள் பெருகினால்தான் விலை இறங்கும்.

நம்மூர் சாட்சி

காட்டாமணக்கு எண்ணெயில் விமானம் பறந்த அதே 2018-இல், அதே விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சி மன்றத்தைச் சேர்ந்த நாக்பூரின் நீரி நிறுவனம் பசுமைப் பட்டாசுக்குக் கலவை தேடிக்கொண்டிருந்தது. அக்டோபரில் உச்ச நீதிமன்றம், மாசு குறைந்த பட்டாசுதான் செய்யலாம், விற்கலாம் என்றது. பேரியம் உப்புக்கும் சரவெடிக்கும் தடை. சிவகாசியில் ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. வாரக் கூலியை நம்பிய குடும்பங்கள் பட்ட பாட்டை இந்த மாவட்டத்தில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பிறகு நடந்ததைக் கவனியுங்கள். நீரி தன் கலவையை ஒரு பெரிய முதலாளிக்கு விற்கவில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட ஆலைகளுக்கு எல்லாம் கொடுத்தது. தூசு குறைந்தது 30 சதவீதம் தணிய வேண்டும் என்பது நிபந்தனை. டயமண்ட் கம்பெனி செய்த காரியத்தை இங்கே ஓர் அரசு ஆய்வகம் செய்தது. போட்டியாளர்கள் ஒரே மருந்துக் கணக்கில் நின்றார்கள். ஆனால், சின்னத்தை ஒட்டிக்கொண்டு உள்ளே பழைய மருந்தையே அடைத்தவர்கள் உண்டு என்ற புகார் 2021-இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. பங்கிட்டது நடந்தது, சரிபார்ப்பதில்தான் ஓட்டை. கோர்சியாவின் ஈட்டுச் சான்றுகளுக்கும் காத்திருக்கும் ஆபத்து இதுவே. பெட்டி மேலே இருக்கும் முத்திரைக்கும் உள்ளே இருக்கும் மருந்துக்கும் சம்பந்தம் இருக்கிறதா என்று பிரித்துப் பார்க்கும் ஆள் வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எந்தச் சீர்திருத்தத்திலும் முதல் செலவு கடைசி ஆள் தலையில்தான் விழுகிறது. சிவகாசியில் அது மருந்து செலுத்தும் அறையில் இருப்பவர்மேல் விழுந்தது. விமானத்தில், கட்டணம் ஏறும்போது முதலில் தவிப்பவர் ஆண்டுக்கு ஒருமுறையோ இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையோ ஊர் வரும் வளைகுடாத் தொழிலாளி. மாதம் நாலு தடவை பறக்கும் கம்பெனி அதிகாரிக்கு அது தெரியக்கூட தெரியாது. அடிக்கடி பறப்பவரிடம் கூடுதலாக வாங்கலாம் என்று சில நாடுகளில் பேசுகிறார்கள். அந்தப் பேச்சு நம் பக்கம் வருவதும் நல்லது.

நண்பருக்கு என் பதில் இதுதான். நடக்கிற காரியமா என்றால், இதற்கு முன்னால் நடந்திருக்கிறது. சோரியாவின் குச்சி பிறந்து பெர்னில் ஒப்பந்தம் ஆக எழுபத்தைந்து வருஷம் பிடித்தது. ஒப்பந்தம் ஆனபின் ஏழே வருஷத்தில் அது இந்தியா வரை வந்து சேர்ந்தது. விமானக் கம்பெனிகள் கூடிப் பேசுவதை வைத்து நான் எதையும் தீர்மானிக்க மாட்டேன். மிச்சமாகிற இடத்தில் எல்லோரும் கூடுவார்கள். காசு கைவிட்டுப் போகிற இடத்தில் கூடுகிறார்களா, கண்டுபிடித்ததைப் பங்கிடுகிறார்களா, சான்றைப் பிரித்துப் பார்க்க விடுகிறார்களா என்று 2027-க்குப் பிறகு கவனிக்க வேண்டும்.

டிக்கெட்டில் கேட்கும் அந்தக் காசைக் கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் இஷ்டம் சார். கொடுத்தால், எந்த ஊரில் எந்த வேலைக்குப் போகிறது என்று ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள். பதில் வந்தால் எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.